ஏற்க இயலாது

என் நாத்தனாரும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறோம், ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறோம். ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த பஸ்ஸை ஓட்டுவது என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன். அவள் முதல் சீட்டில் உட்காருவாள், நான் கடைசி சீட்டில். நடுவில் முப்பது பேர் இருந்தாலும் அவளுடைய கொண்டை மட்டும் என் கண்ணில் படும். அதைப் பார்த்துக்கொண்டே போனால், வேலையிடம் வந்து சேரும்போது எனக்கு ஏற்கெனவே ரத்தம் கொதித்திருக்கும்.

யார் மேல் தப்பு என்று கேட்டால் சொல்கிறேன், எனக்கென்ன பயம்? ஆறு வருடத்துக்கு முன்னால் சோதனையாளர் வேலை ஒன்று காலியானது. நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். தேர்வு நடத்த வந்தவர்களிடம் இவள் பெரிய பரோபகாரி மாதிரி, "எங்க அண்ணி கை ரொம்ப சுத்தம் சார். கண்ணுதான் கொஞ்சம் மங்கல்" என்று சொல்லியிருக்கிறாள். முடிந்தது கதை. இடம் அவளுக்கு. நான் கண்ணாடி போடுவது உண்மைதான். ஒருநாள் ஊசியில் நூல் கோத்துத் தரச்சொல்லி அவளிடம் கொடுத்ததும் உண்மைதான். வீட்டுக்குள் நடந்ததை வெளியே எடுத்துப்போய் வைத்தாளே, அதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் கூடத்தில் செய்வது விண்கலத்துக்கான பெட்டி. பெயர் பெரிதே தவிர, சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். விண்கலத்தில் பதினாறு இடங்களில் சூடு, அழுத்தம், பாட்டரியின் பலம் என்று அளக்கும் கருவிகள் உண்டு. அவை சொல்வதை ஒவ்வொன்றாக வாங்கி, எண்ணாக மாற்றி, வரிசையாக ரேடியோவிடம் கொடுப்பது இந்தப் பெட்டியின் வேலை. முன்பு பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வுகளை வைத்து இதே வேலையைச் செய்ய ஒரு பீரோ தேவைப்பட்டது, அதுவும் அடுப்பு மாதிரி கொதிக்கும். இப்போது டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. பெட்டிக்கு ஆறு போர்டு, போர்டுக்கு இருபத்து நான்கு டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றும் பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குப்பி. மேலே கருப்புப் பெயிண்ட், கீழே முடி போல மூன்று கால். அந்தக் கால்களையும் மற்றச் சின்னப் பாகங்களின் கால்களையும் ஈயத்தை உருக்கி போர்டில் பற்றவைப்பது, அதாவது சால்டரிங், என் வேலை. சூடு ஒரு விநாடி அதிகமானால் உள்ளே செத்துவிடும், ஒரு விநாடி குறைந்தால் ஈயம் ஒட்டாமல் டிரை சால்டர் ஆகிவிடும். மூன்றாம் மேசையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், என் கையில் ஒரு டிரை சால்டர் வந்ததில்லை. எனக்கு இந்த உலகத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் என்னை அண்ணி என்று கூப்பிட்டதால் மொத்தக் கூடமும் என்னை அண்ணி என்றே கூப்பிடப் பழகிவிட்டது. பெருக்க வருகிறவர்கூட "அண்ணி, காலைத் தூக்குங்க" என்பார். அவள் ஒருத்திதான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எங்களுக்குள் எல்லாமே துண்டுச்சீட்டுதான். போர்டை முடித்துச் சீட்டோடு தட்டில் வைத்தால், அவள் சோதித்துவிட்டு 'பெறுநர்: மேசை எண் 3' என்று போட்டுத் திருப்பி அனுப்புவாள். நான் ஒரு தடவை தேதி போட மறந்துவிட்டால், பதினைந்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவளிடமிருந்து, 'தேதி இல்லை. ஏற்க இயலாது' என்று சீட்டு வரும். கையெழுத்து கோட்டுக்கு வெளியே போனாலும் ஏற்க இயலாது. அந்த இரண்டு வார்த்தையை எழுத மட்டும் அவளுக்குக் கை வலித்ததே இல்லை.

இந்தப் பெட்டியின் நான்காவது போர்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒவ்வொரு டிரான்சிஸ்டர் மேலும் அதன் எண்ணை வெள்ளை மையால் எழுத வேண்டும், அது விதி. பழைய மை தீர்ந்து புது பாட்டில் வந்திருந்தது. அந்த மை ஸ்பிரிட்டில் போர்டைக் கழுவினால் கரைந்து போனது. கழுவாமல் கொடுக்கவும் விதி இல்லை. 'எண் அழிந்துள்ளது. ஏற்க இயலாது' என்று சீட்டு வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி கழுவினேன், மறுபடி ஏற்க இயலாது. மூன்றாவது தடவை சீட்டில் 'மேசை எண் 3 கவனத்துடன் எழுதவும்' என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

கவனத்துடனாம்! எனக்கு வந்த கோபத்தில் கண் மண் தெரியவில்லை. தையல் பெட்டியிலிருந்து கெட்டி ஊசி ஒன்றைக் கொண்டுவந்தேன். எழுபத்து மூன்று முதல் தொண்ணூற்றாறு வரை, இருபத்து நான்கு டிரான்சிஸ்டரின் கருப்புப் பெயிண்டிலும் எண்ணைக் கீறினேன். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. ஸ்பிரிட் இல்லை, அமிலத்தில் போட்டாலும் போகாது. சீட்டில் 'இனி அழியாது' என்று மட்டும் எழுதி, தேதி போட்டு, கோட்டுக்குள் கையெழுத்துப் போட்டுத் தட்டில் எறிந்தேன். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. அன்று நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பெட்டி வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனை. ஆறு போர்டையும் பெட்டியில் பொருத்தி, மூடியைத் திறந்துவைத்து மின்சாரம் கொடுத்தார்கள். எதிரே பலகையில் ஏழு சிறிய விளக்குகள். எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்பதை வைத்து எண்ணைப் படிப்போம். பெட்டிக்குள் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள மாறாத மின்னழுத்தம் ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் நூற்றுப்பதினேழு என்று வர வேண்டும், எந்தக் காலத்திலும் வர வேண்டும். அது சரியாக வந்தால்தான் மற்ற பதினாறையும் நம்பலாம்.

நூற்றுப்பதினேழுதான் வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். என் நாத்தனார் தன் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து, போர்டுகளின் மேல் வைத்துக் குனிந்தாள். வலப்பக்கமிருந்து நான்காவது விளக்கு பட்டென்று எரிந்தது. நான்காவது போர்டு இயக்கும் விளக்கு அது, மதிப்பு எட்டு. நூற்று இருபத்தைந்து.

"என்னம்மா இது?" என்றார் முள்ளு சார். எங்கள் தலைமைப் பொறியாளர்தான். மீட்டர் முள் மாதிரி ஒல்லியாக இருப்பார், எதற்கெடுத்தாலும் ஆடுவார், அதனால் அந்தப் பெயர்.

நான் எட்டிப் பார்க்கக் குனிந்தேன். விளக்கு அணைந்தது. நூற்றுப்பதினேழு. நான் நிமிர்ந்தேன். நூற்று இருபத்தைந்து.

"அண்ணி பக்கத்துல போனா அடங்குது. நாத்தனார் பக்கத்துல போனா பதறுது. பெட்டிக்கும் பயம்தான் போல" என்றாள் இரண்டாம் மேசைக்காரி. கூடமே சிரித்தது. முள்ளு சார் சிரிக்கவில்லை. வந்து வந்து போகும் கோளாறு என்றாலே அவருக்கு ஒரே காரணம்தான் தெரியும். நாத்தனார் அதை அவர் கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டாள். 'நான்காவது போர்டு. டிரை சால்டர். கைப்பிழை, மேசை எண் 3.'

நான் அந்தக் காகிதத்தைப் படித்தேன்.

"சார், என் கையில டிரை சால்டர் வராது."

"எல்லார் கையிலயும் ஒரு நாள் வரும்மா. வயசாகுதில்ல? நாளைக்கு மத்தியானத்துக்கு மேல ரெண்டாம் மேசை அந்த போர்டுல எல்லா ஜாயிண்டையும் மறுபடி சூடு பண்ணட்டும். நீங்க கொஞ்ச நாள் கழுவுற மேசையில இருங்க."

"கொஞ்ச நாள்னா?"

நாத்தனார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினாள்.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். வழக்கம்போல என் கணவர்தான் தபால்காரர்.

"என்னங்க, உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க. நூத்துத் தொண்ணூத்தாறு ஜாயிண்ட்ல எந்த ஜாயிண்ட் டிரைன்னு அவங்க காட்டட்டும். ஒண்ணே ஒண்ணு காட்டட்டும், நான் வேலைய விட்டுட்டுப் போயிடறேன்."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கேக்குறா" என்றார்.

"அண்ணா, நான் கண்ணால பாத்ததைத்தான் எழுதினேன்னு சொல்லு. எனக்கு யாரு மேலயும் பகை இல்லைன்னும் சொல்லு."

"பகை இல்லையாம்."

"பகை இல்லாமலா மூணு தடவ போர்டைத் திருப்பி அனுப்பினாங்க? கேளுங்க!"

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? என்னை விடுங்களேன்" என்று அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். நானும் அவளும் உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் நான் சோதனை அறைக்குள் நுழைந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாம் மேசைக்காரி வந்து என் ஜாயிண்டுகளைச் சூடு பண்ணுவாள். அவள் கை கனம், இரண்டு டிரான்சிஸ்டராவது சாகும், அதையும் என் கணக்கில் எழுதுவார்கள். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மின்சாரத்தைப் போட்டேன். நூற்றுப்பதினேழு. நாத்தனாரின் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துப் போட்டேன். நூற்று இருபத்தைந்து. போர்டை லேசாகத் தட்டினேன், மாறவில்லை. மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ஜாயிண்டாக அழுத்தினேன். டிரை சால்டர் என்றால் அழுத்தியதும் ஆடிக் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்றுகூட அசையவில்லை. அசையாது, எனக்குத் தெரியும். அப்புறம் ஏன்டா சனியனே எரிகிறாய் என்று கையை ஓங்கினேன். விளக்கு அணைந்தது.

கையை எடுத்தேன், எரிந்தது. ஓங்கினேன், அணைந்தது. நான் எதையும் தொடவில்லை. என் கை நிழல்தான் போர்டில் விழுந்துகொண்டிருந்தது.

பெட்டிக்குப் பயம் மனிதர்களிடம் இல்லை, வெளிச்சத்திடம். நேற்று நான் குனிந்தபோது என் தலை அவளுடைய விளக்கை மறைத்திருக்கிறது. கருப்புக் காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தேன். எண்பத்தேழு, மாற்றமில்லை. எண்பத்தெட்டை மூடினேன். நான்காவது விளக்கு அணைந்தது. எடுத்தேன், எரிந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்பத்தெட்டைப் பார்த்தேன். இரண்டு எட்டு, நான்கு வட்டம். வட்டம் கீறும்போது ஊசி வழுக்கி நடுவில் இருந்த பெயிண்டும் பெயர்ந்து வந்திருந்தது. மற்ற எண்களில் கோடுதான் இருந்தது, இதில் ஜன்னலே திறந்துகிடந்தது. கண்ணாடி வழியாக உள்ளே இருந்த சின்னத் துணுக்கு பளபளவென்று தெரிந்தது. அந்தக் கருப்புப் பெயிண்ட் அழகுக்குப் பூசியது என்றுதான் பதினொரு வருடமாக நினைத்திருந்தேன். எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பற்றவைக்கச் சொன்னார்கள், பற்றவைத்தோம்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என் ஜாயிண்ட் சுத்தம். என் ஊசிதான் நாசம் பண்ணியிருக்கிறது.

பெயிண்ட் அலமாரி இரண்டடி தூரத்தில் இருந்தது. ஒரு சொட்டுக் கருப்பு வைத்தால் போதும், கோளாறு போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் எழுதிய காகிதம் அப்படியே இருக்கும். டிரை சால்டர், கைப்பிழை, மேசை எண் 3. நான் சாகும்வரை கழுவும் மேசையில் நின்றுகொண்டு, அந்த வரியைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னாலும் மேசை போகும், சொல்லாவிட்டாலும் மேசை போகும். சொன்னால் என் கையின் பெயராவது மிஞ்சும். அதோடு, ஏன் மறைக்கவேண்டும், அவளையும் இழுத்துக்கொண்டு போகலாம் என்ற ஆசையும் இருந்தது. அந்த ஆசைதான் என்னை எழுப்பிவிட்டது.

மணி அடித்ததும் முள்ளு சாரைக் கையோடு கூட்டிவந்தேன். நாத்தனாரும் வந்தாள், இரண்டாம் மேசைக்காரி சால்டரிங் இரும்போடு வந்தாள், வேடிக்கை பார்க்க மற்றவர்களும் வந்தார்கள். நான் ஒன்றும் பேசாமல் கருப்புக் காகிதத்தை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். நான்காவது விளக்கு சொன்ன பேச்சைக் கேட்டது. முள்ளு சார் வாயைத் திறந்தபடி நின்றார்.

"வெளிச்சம் உள்ள போகுது. அது பட்டாலே டிரான்சிஸ்டர் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிச்சுடும்" என்றார் கடைசியில். "பெயிண்ட் எப்படிப் போச்சு? யாரு கீறினது?"

"நான்தான். ஊசியால. அதைப் பாத்து ஏத்துக்கிட்டுக் கையெழுத்து போட்டது அவங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கோப்பைத் திறந்து என் சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். 'இனி அழியாது.' அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஊசின்னு இதுல எங்க சார் இருக்கு? கீறினேன்னு எங்க எழுதியிருக்கு?"

"கீறலைப் பாத்தா தெரியாதாம்மா? பெயிண்ட் எதுக்குன்னு உங்களுக்குப் பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்களே!"

அவள் பூதக்கண்ணாடியை எண்பத்தெட்டின் மேல் பிடித்துப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெள்ளை மைன்னு நெனச்சேன் சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் நான் முயலவில்லை. ஆறு வருடச் சிரிப்பு. "இப்ப சொல்லச் சொல்லுங்க சார், யாருக்குக் கண்ணு மங்கல்?" என்று நான் கேட்டபோது என்னைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை.

முள்ளு சார் ஆடவில்லை. அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"ஒரே வீட்ல இருக்கீங்க. ஒரே பஸ்ல வர்றீங்க. 'ஊசியால கீறிட்டேன்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, 'ஐயோ, கீறாதீங்க'ன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க. ரெண்டு வார்த்தை. அதுக்கு வக்கில்லாம சீட்டு எழுதி விளையாடியிருக்கீங்க. இங்க மூடியத் திறந்து வெச்சோம், தெரிஞ்சுது. வேற மாதிரி தப்பா இருந்து, மேலே போய்த் தெரிஞ்சிருந்தா? அங்க யாரு போய்ப் பாக்குறது?"

அவர் பெட்டியின் மின்சாரத்தை அணைத்தார்.

"கோபத்துல ஊசி எடுத்த கை இந்தப் பெட்டிக்கு வேண்டாம்" என்றார் என்னிடம். அவளிடம், "கேள்வி கேக்காம கையெழுத்து போட்ட கையும் வேண்டாம்" என்றார். நான் கழுவும் மேசைக்கு. அவள், விண்கலத்திலிருந்து வரும் எண்கள் அச்சாகும் காகித நாடாவைப் படித்துச் சரிபார்க்கும் அறைக்கு.

"போறேன் சார்" என்றேன். "ஆனா அந்தக் காகிதத்தை இப்படியே விட்டுட்டுப் போக மாட்டேன். டிரை சால்டர்னு எழுதினவங்களே அடிச்சுட்டு எழுதட்டும்."

அவர் தலையசைத்தார். நாத்தனார் பேனாவை எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தான் எழுதியதை அடித்துவிட்டு, 'இணைப்புகள் 196. பிழை இல்லை' என்று எழுதினாள். கோட்டுக்குள் கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். அதைப் பார்த்தபோது எனக்குக் குளுகுளுவென்று இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. அப்படி இருக்கவில்லை. இரண்டாம் மேசைக்காரி அதற்குள் என் ஸ்டூலின் உயரத்தைத் திருகிக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

இருபத்து நான்கு டிரான்சிஸ்டருக்கும் கருப்புப் பூசி, வெள்ளிக்கிழமை பெட்டி கிளம்பியது. நான் ஸ்பிரிட் வாசனையில் நின்றுகொண்டு அடுத்த பெட்டியின் போர்டுகளைக் கழுவினேன். கையெல்லாம் வெடித்துப்போனது. பஸ்ஸில் அவள் முதல் சீட்டு, நான் கடைசி சீட்டு. நாலு மாதம் இப்படியே போனது.

விண்கலம் மேலே போன செய்தி ரேடியோவில் வந்தது. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை யார் சொல்வார்கள்? கழுவும் மேசைக்குச் சேதி சொல்ல யாருக்கு அக்கறை? வேலை செய்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். அவளுக்குத் தெரியும். அவள் அந்த நாடாவின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் கேட்பதைவிட நான் என் நாக்கையே அறுத்துக்கொள்வேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. 'நூற்றுப்பதினேழு. ஒவ்வொரு முறையும்' என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான், அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? ஆனால் கீழே கோடு காலி. தேதியும் இல்லை. பெறுநர் என்ற இடமும் காலி.

நான் நின்றபடியே அதை நாலைந்து தடவை படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டேன். பிறகு பென்சிலை எடுத்து, 'பெறுநர் இல்லை. கையெழுத்து இல்லை. தேதி இல்லை. ஏற்க இயலாது' என்று எழுதி என் கணவரிடம் கொடுத்தேன்.

"இதை உங்க தங்கச்சிகிட்ட குடுங்க."

"காலங்காத்தாலயேவா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து சீட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பஸ் சாவியைத் தேடப் போனார்.

தேதி இருந்தது. கோட்டுக்குள் கையெழுத்து இருந்தது. பெறுநர் என்ற இடத்தில் 'அண்ணி' என்று இருந்தது.

குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'கண் மங்கலாக இருந்தும் படிக்க முடிந்தது' என்று இன்னொரு வரி சேர்த்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு, பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன்.